காலராவுக்கு மருந்து உண்டு. யமனில் ஏன் இத்தனை மரணங்கள்?

எங்காவது கொள்ளைநோய் பரவினால் "அல்லாஹ்வின் சோதனை" என்று சொல்லிவிட்டு நாம் கடந்துவிடுகிறோம். சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் மனிதர்களின் கைகள் செய்த அநீதி எவ்வளவு என்றும் பார்க்க வேண்டாமா?

காலரா குணப்படுத்த முடியாத நோயல்ல. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீரை உரிய நேரத்தில் புகட்டினாலே பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். 1971இல் வங்கதேச அகதிகளின் முகாம்களில் இந்த எளிய மருந்துதான் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. 19ஆம் நூற்றாண்டில் காலராவால் தவித்த லண்டன், நல்ல குடிநீரும் கழிவுநீர்க் குழாய்களும் வந்தபின் அதை மறந்தே போனது.

அப்படியிருக்க, 2016 அக்டோபரில் யமனில் தொடங்கிய காலரா, 2017 முடிவதற்குள் 10 லட்சம் பேரைத் தாக்கியிருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது. 2,000க்கும் அதிகமானோர் மரணித்தனர்.

காரணம் கிருமி மட்டுமல்ல. உணவுக்கும் எரிபொருளுக்கும் இறக்குமதியை நம்பியிருந்த நாடு அது. 2015இல் ஹுதைதா துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வான் தாக்குதலில் தகர்க்கப்பட்டன. எரிபொருள் தட்டுப்பாட்டால் மின்சாரம் போனது. மின்சாரம் இல்லாமல் நீரேற்றும் மோட்டார்களும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் நின்றன. மருத்துவ, துப்புரவுப் பணியாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. பசியில் மெலிந்திருந்த குழந்தைகளை நோய் எளிதில் வீழ்த்தியது.

சவூதி தலைமையிலான கூட்டணிக்கு ஆயுதம் விற்ற அமெரிக்காவும் பிரிட்டனும் அதே யமனுக்கு நிவாரண நிதியும் கொடுத்தன. ஹூதிகளின் பகுதியிலோ பசித்தோருக்கான உணவு திசைதிருப்பப்படுவதாக 2018 இறுதியில் உலக உணவுத் திட்டம் குற்றம் சாட்டியது. முஸ்லிம்களே முஸ்லிம்களுக்கு இழைத்த அநீதியையும் நாம் மறைக்கக் கூடாது.

தடுப்பு மருந்திலும் இதே நிலைதான். காலரா சொட்டு மருந்து இரண்டு தவணை தரப்பட வேண்டும். தட்டுப்பாட்டால் 2022 அக்டோபர் முதல் நோய் பரவும் நாடுகளுக்கு ஒரு தவணை மட்டுமே தரப்பட்டது. தேவைப்படுவோர் ஏழைகள் என்பதால் அதைத் தயாரிக்க முன்வரும் நிறுவனங்கள் மிகக் குறைவு.

ஷாமில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் படையுடன் திரும்பினார்கள். விதியிலிருந்து ஓடுவதா எனக் கேட்கப்பட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்வதாக விளக்கினார்கள். தற்காப்பும் ஈமானுக்கு உட்பட்டதே. மதீனாவில் காசுக்கு விற்கப்பட்ட ரூமா கிணற்று நீரை, உஸ்மான் (ரலி) அவர்கள் விலைக்கு வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கினார்கள்.

நமது ஸதகா உணவுப் பொட்டலத்தோடு நின்றுவிடாமல், கிணறு, குழாய், கழிப்பறை என்று நிலைத்த தர்மமாகவும் செல்லட்டும். துஆவில் யமனை நினைப்பதோடு, தண்ணீரையும் மருந்தையும் ஆயுதமாக்குவோர் எவராயினும் அவர்களுக்கு எதிராகப் பேசவும் அல்லாஹ் நமக்குத் துணிவைத் தருவானாக!