தலையாட்டும் கஞ்சன்

செக் நாட்டுத் தலைநகர் ப்ராகில் காசு செலவில்லாமல் பார்க்க ஒரு அயிட்டம் உண்டு. பழைய டவுன்ஹால் கடிகாரம். 1410-ல் செய்தது. 1945 யுத்தத்தில் கருகி, பிழைத்து, இன்னும் ஓடுகிறது. (நாலு மணிக்கு மேல் நகராத உங்கள் ஆபீஸ் கடிகாரத்தோடு ஒப்பிடவும்.)

மணியடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே கீழே ஜேஜே என்று கூட்டம். எல்லார் கையிலும் செல்போன். எலும்புக்கூடு ஒன்று கயிற்றை இழுத்து மணியடிக்கிறது. 'டைம் ஆச்சு, கிளம்புப்பா!' என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் பணப்பையோடு நிற்கும் கஞ்சன் 'ஊஹூம்' என்று தலையாட்டுகிறான். பி.காம். படித்த எனக்கு அவன் கஷ்டம் புரிந்தது. கண்ணாடி பார்க்கும் மைனரும் மாட்டேன் என்கிறான். மேலே ஜன்னல்களில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் வந்து போக, சேவல் கூவ, ஷோ ஓவர்.

'இவ்வளவுதானா?' என்று கலைகிற ஜனம், டவுன்ஹாலின் கிழக்குப் பக்கம் தரையில் பதித்த வெள்ளைச் சிலுவைகளை மிதித்தபடி போகிறது. எண்ணினேன். 27. சக்கரவர்த்தியை எதிர்த்த 27 பேருக்கு 1621 ஜூன் 21 அன்று அந்தச் சதுக்கத்தில்தான் மரண தண்டனை. தலையாட்ட அவர்களுக்கு சான்ஸே கிடைக்கவில்லை.

ப்ராக் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்த பிறகு ஒரு நிமிஷம் குனிந்தும் பாருங்கள். அதற்கும் டிக்கெட் கிடையாது.