விற்ற கதையை எடுத்துக்கொள்ளலாமா?

பேரன் விளையாடும் ‘டெஸ்டினி 2’ எனக்கு முதலில் வெறும் டுமீல் சத்தம்தான். பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அதில் ஓடுகிறவர்களில் பலர் வேறு வேறு ஊர்களில் இருந்து விளையாடும் நிஜ மனிதர்கள் என்று. நகரத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு பெரிய உருண்டை தொங்குகிறது. அழகாகவே இருக்கிறது.

2017இல் வெளியானபோது காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு ‘ரெட் வார்’ என்ற கதை கிடைத்தது. எதிரிப்படை பிடித்துக்கொண்ட அந்த நகரத்தை மீட்க வேண்டும். 2020 நவம்பரில் அந்தக் கதையையே எடுத்துவிட்டார்கள். செவ்வாய், புதன், டைட்டன், ஐயோ (அந்த நிலாவின் பெயரே அதுதான்!) எல்லாம் கூடவே போயின. விளையாட்டு பெருத்துவிட்டதாம், பராமரிக்க முடியவில்லையாம். செவ்வாயும் டைட்டனும் பிறகு ஓரளவு திரும்பின. கதை திரும்பவில்லை.

அவர்கள் சொல்லும் கஷ்டம் எனக்குப் புரியும். பதிவறையில் இடமில்லாமல் நானும் திண்டாடியவன். ஆனால் பிரெஞ்சு தெரிந்த குமாஸ்தா என்பதால், புதுச்சேரியில் பாட்டனார் காலத்து நொத்தேர் பத்திரங்களைப் படித்துச் சொல்லும்படி என்னிடம்தான் வருவார்கள். இடமில்லை என்று அவற்றின் மூலத்தை எரித்திருந்தால் அந்த மனிதர்கள் எங்கே போவார்கள்?

புதியதைச் சேர்க்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. விற்ற பழையதைத் தனியாக இறக்கிக்கொள்ளவாவது கொடுத்திருக்கலாமே?

பேரன் சிரிக்கிறான். “யூடியூப்ல இருக்கு தாத்தா, பாத்துக்கலாம்.”

விளையாட வாங்கியதைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான்.