சிட்டிக்கு எதுக்கு டூயட்?

2010ல் 'எந்திரன்' வந்த நாளிலிருந்து நான் சிட்டியின் பரம ரசிகன். ரோபோவுக்குக் காதலா என்று தேனியில் சிரித்தவர்களோடு வக்கீல் மாதிரி வாதாடினவன். உணர்ச்சி வந்தது, காதல் வந்தது, கல்யாணப் பெண்ணையே தூக்கிக்கொண்டு போய் ரணகளம் பண்ணியது. கடைசியில் கோர்ட் உத்தரவுப்படி தன்னைத்தானே கழற்றி வைத்ததே, சார், கண் கலங்கிவிட்டது!

2018ல் '2.0'வுக்காக அதே சிட்டியை மறுபடி மாட்டினார்கள். பறவைகளுக்காகக் கொதிக்கிற பட்சிராஜன் ஒருத்தரே கதைக்குப் போதும். நடுவில் நிலா என்கிற ரோபோவோடு கொஞ்சல் எதற்கு? போதாதென்று, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது டூயட் வேறு!

கம்பத்தில் திராட்சை போட்டிருக்கும் தம்பி ஒருத்தர் விடவில்லை.

"ரோபோன்னா ஒரு தடவைதான் காதலிக்கணுமாண்ணே?"

"தாராளமா காதலிக்கட்டும். உன் தோட்டத்தையே பாரு. பந்தலைப் பிரிச்சா கொடி நிக்குமா? முதல் படத்துல காதல்தான் பந்தல். இதுல பந்தல்ல தொங்கவிட்ட சீரியல் பல்பு. கழட்டினா ஒரு குலைகூடக் குறையாது."

"பல்பு அழகாத்தானேண்ணே இருக்கு?"

"அழகுதான். போன தடவை கரண்ட் பில்லை சிட்டி தன் உடம்பாலயே கட்டுச்சு. இந்தத் தடவை யாரு கட்டினா?"