எதிரே வரும் கண்

சில மாதங்களுக்கு முன்பு, மாமல்லபுரத்தில் ஒரு மாலைப் பொழுதைக் கழித்துவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு ஒன்பது மணியைத் தாண்டியிருக்கும். காருக்குள் பேச்சு வழக்கம்போல் புத்தகங்களைப் பற்றியதாக இருந்தது. எதிரே வந்த காரொன்று நீலம் பாரித்த வெண்ணொளியை எங்கள் முகத்தில் அறைந்துவிட்டுப் போயிற்று. அது கடந்த பின்னும் சில நொடிகளுக்குச் சாலை என்ற ஒன்றே இல்லை. கண் தெளிந்தபோது, வெகு அருகில், விளக்கில்லாத மிதிவண்டியில் ஒரு பெரியவர் போய்க்கொண்டிருந்தார். வண்டி கிறீச்சிட்டு நின்றது. அவர் திரும்பி, “பாத்து வாங்கப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்கினார்.

எங்களுக்குப் பார்க்க முடியாமல் போனதுதான் விஷயம். வழி நெடுக அந்தக் காரோட்டியைத் திட்டித் தீர்த்தோம். வீடு வந்து சேர்ந்ததும் எங்கள் வண்டியின் முகப்பு விளக்கைப் பார்த்தபோதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்பு, ‘வெளிச்சம் போதவில்லை’ என்று உதிரிபாகக் கடையொன்றில் 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்பை மாட்டிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். அந்த இரண்டு வாரங்களில் எத்தனை பேர் எங்களைத் திட்டியிருப்பார்கள்? திட்டுவதற்கு வாய்ப்பில்லாமல் எத்தனை மிதிவண்டிக்காரர்கள் மயிரிழையில் தப்பியிருப்பார்கள்?

பல்பு என்பது தனியாக ஒளிவிடும் பொருள் அன்று. அதன் பின்னால் இருக்கும் பிரதிபலிப்புக் கிண்ணத்தோடு சேர்ந்தே அது விளக்காகிறது. நம் ஊர்ச் சாலைகளில் பரவலாக உள்ள எச்-4 ஹாலஜன் பல்பைக் கையிலெடுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு இழைகள் தெரியும். அவற்றுள் டிம் விளக்குக்கான இழையின் கீழே சின்னஞ்சிறு உலோகத் தொட்டி ஒன்று உண்டு. கிண்ணத்தின் கீழ்ப்பாதியில் விழும் ஒளி மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவரின் கண்ணில் பாயும் என்பதால், அந்த ஒளியை அங்கேயே மறித்துவிடுவது அதன் வேலை. இழை சில மில்லிமீட்டர் இடம் மாறினாலும் இந்த ஏற்பாடு குலைந்துபோகும். ஹாலஜனுக்கென வடித்த கிண்ணத்தில் மலிவான எல்.ஈ.டி. பல்பையோ செனான் பல்பையோ செருகும்போது நேர்வது இதுதான். ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறுவதால் அது சாலையில் விழாமல் காற்றில் சிதறுகிறது. ஓட்டுபவருக்கு ‘பளிச்’சென்று இருப்பதாகத் தோன்றுவதில் பெரும்பகுதி தனக்கு உதவாத வெளிச்சமே. ஜெர்மனியில் 2020-ல் இத்தகைய மாற்று எல்.ஈ.டி. பல்புக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தபோதுகூட, சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட வண்டி மாதிரிகளுக்கு மட்டுமே அது கிடைத்தது.

நமக்கும் சட்டம் இல்லாமலில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி, முகப்பு விளக்கின் ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. எந்த அளவுக்கு? விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு கண் கூசாத அளவுக்கு. வறண்ட அந்த விதியைப் படித்தபோது நாங்கள் சற்று நெகிழ்ந்தே போனோம். முகம் தெரியாத ஒருவரின் கண்ணைக் கற்பனை செய்து, அதைச் சாலையின் நடுவே நிறுத்தி எழுதிய வாக்கியம் அது. மிதிவண்டியில் போகும் ஒரு பெரியவரின் கண்ணும் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கும்.

வெளிச்சம் போதவில்லை என்ற குறை பொய்யும் அன்று. ஆனால் அதற்கான காரணம் பெரும்பாலும் பல்பில் இருப்பதில்லை. பல்புக்குச் செல்லும் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலஜனின் ஒளி ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் இணைப்புகள் துருப்பிடிப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. மஞ்சளடித்துப்போன பிளாஸ்டிக் முகப்பும் ஒளியைச் சிதறடிக்கும். ஆகவே முதலில் இணைப்புகளைச் சுத்தம் செய்து, முகப்பை மெருகேற்றிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் பல்பு மாற்ற வேண்டுமென்றால், வண்டியின் கையேட்டில் உள்ள அதே வகை, அதே வாட், அறியப்பட்ட நிறுவனத் தயாரிப்பு. நூறு வாட் பல்பு எதிரே வருபவரின் கண்ணை மட்டுமல்ல, நம் வண்டியின் ஒயரையும் பல்பு ஹோல்டரையும் சேர்த்தே சுடும். நீலப் பூச்சுப் பூசிய பல்பில் அந்தப் பூச்சே வெளிச்சத்தின் ஒரு பகுதியை விழுங்கிவிடும்.

மாட்டிய பிறகு சமதரையில் 10 மீட்டர் தள்ளி ஒரு சுவரெதிரே வண்டியை நிறுத்திப் பார்ப்பது நல்லது. டிம் ஒளியின் மேல் விளிம்பு, விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பின்னிருக்கையில் ஆள் ஏறினால் முகப்பு நிமிர்ந்துவிடும். பல கார்களில் அதைச் சரிசெய்யும் சிறு திருகு ஸ்டியரிங் அருகே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டிருக்கிறோம்?

இதைக் காவல்துறை பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. விளக்கின் நடுவே கறுப்புத் தாள் ஒட்டிவிடும் காவலர்களை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். மறுநாளே அதைச் சுரண்டி எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறோம். இருட்டில் ஒவ்வொரு வளைவிலும் காவலரை நிறுத்த முடியாது. டிம் செய்யும் விரல் நம்முடையது.

மாமல்லபுரத்துக் குன்றின் மேல் ஒலக்கணேஸ்வரர் கோயில் இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் உச்சியே கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது; இப்போதுள்ள கலங்கரை விளக்கம் அருகிலேயே நிற்கிறது. அது பிறர் பார்ப்பதற்கென்றே ஏற்றிய ஒளி. கீழே, அதே கரையில், பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. பொரிந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சம் மிகுந்த திசையையே கடலென்று நம்பி நகரும் இயல்புள்ளவை. சாலையின் வெளிச்சம் கடலை மிஞ்சினால் அவை திரும்புவது சாலையை நோக்கித்தான். ஒளி வழிகாட்டுவதும் வழி கெடுப்பதும் அதன் அளவைப் பொறுத்ததல்ல, அது விழும் இடத்தைப் பொறுத்தது.

மறுநாளே பழைய 60/55 வாட்டுக்குத் திரும்பிவிட்டோம். ஒப்புக்கொள்கிறோம், முன்னிருந்ததைவிடச் சாலை கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறது. அதனால் மெதுவாகப் போகிறோம். அந்தப் பெரியவர் சொன்னதும் அதுதானே.