அம்மாச்சிக்கு சுகரா... யார் சொன்னா?

மக்களே, போன வாரம் இந்தப் பக்கத்துல ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி எழுதினதுக்கு ஆதரவு தெரிவிச்ச அத்தனை உள்ளங்களுக்கும் நன்றி. (வார்டன் கண்ணுல படலைனு நம்பறேன்!) இந்த வாரம் மொக்கை கிடையாது. மேட்டர் கொஞ்சம் சீரியஸ். உங்க வீட்டுலயும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பாங்க. அவங்க தலைமாட்டுல ஒரு மாத்திரை டப்பா இருக்கும். அதுக்குள்ள என்ன இருக்குனு என்னிக்காவது திறந்து பார்த்திருக்கீங்களா? நானும் பார்த்ததில்லை, மே மாசம் வரைக்கும்.

எங்க அம்மாச்சிக்கு 81 வயசு. திண்டுக்கல்ல எங்களோடதான் இருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆச்சு. அதுலேர்ந்து அவங்க உலகம் கட்டில், வாக்கர், பாத்ரூம், ஜன்னல். அவ்வளவுதான். எங்க வீடு ரெண்டாவது மாடி. லிஃப்ட் எல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னா பிளாஸ்டிக் சேர்ல உட்கார வெச்சு நாலு பேர் தூக்கி இறக்கணும். "சாமி புறப்பாடு கெளம்பிருச்சு, தேங்காய் உடைங்கப்பா"னு அவங்களே கலாய்ச்சுக்குவாங்க. ஆனா தூக்கறப்போ வலியில பல்லைக் கடிச்சுக்கறது எங்களுக்குத் தெரியும். அதனால ரொம்ப அவசியம்னா தவிர இறக்கறதில்லை.

போன ஐப்பசி மழையில அம்மாச்சிக்கு இருமல், வீசிங். வேற வழியில்லாம புறப்பாடு நடந்தது. அஞ்சு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வரும்போது மூச்சு சரியாயிடுச்சு, கூடவே ஒரு புது விருந்தாளி. "சுகர் 246 இருக்காம்." கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.

அன்னிக்கே எங்க அம்மா வீட்டுல எமர்ஜென்சி டிக்ளேர் பண்ணிட்டாங்க. காபியில சர்க்கரை கட். வாழைப்பழம் கட். சோறு ஒரு கரண்டி. மிச்ச நேரமெல்லாம் கோதுமைக் கஞ்சி. அம்மாச்சிக்கு வாழ்க்கையில மிச்சம் இருந்த ஒரே என்டர்டெயின்மென்ட், சாயங்காலம் நாலு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கிட்டே குடிக்கிற ஸ்ட்ராங் காபி. அதுவும் கசாயமாயிடுச்சு. அவங்க சண்டையெல்லாம் போடலை. பாதி குடிச்சிட்டு டம்ளரைத் தள்ளி வெச்சுடுவாங்க. சாப்பாட்டையும் அப்படியே.

ஆறு மாசம் இப்படிப் போச்சு. அந்த ஆறு மாசத்துல எந்த டாக்டரும் அம்மாச்சியைப் பார்க்கலை. பழைய சீட்டோட அப்பா மெடிக்கலுக்குப் போவார், அதே மாத்திரையை வாங்கிட்டு வருவார். யார் மேலயும் தப்பு சொல்ல முடியலை. கீழே இறக்க முடியாத ஒரு ஆளுக்கு எழுதின மாத்திரை, நாம நிறுத்தற வரைக்கும் தானா ஓடிக்கிட்டே இருக்கும். ஸ்விட்ச் இல்லாத ஃபேன் மாதிரி.

மே மாசம் ஸ்டடி ஹாலிடேஸ்ல வீட்டுக்கு வந்தேன். படிக்கத்தான் வந்தேன், நம்புங்க. மூணாவது நாள் விடியக்காலை அஞ்சு மணிக்கு அம்மாச்சி என்னைக் கூப்பிட்டாங்க. என் பேரைச் சொல்லி இல்லை. எப்பவோ செத்துப்போன அவங்க தங்கச்சி பேரைச் சொல்லி! தொட்டுப் பார்த்தா உடம்பெல்லாம் வேர்வை, புடவை தொப்பலா நனைஞ்சிருக்கு. கை நடுங்குது. அம்மாவை எழுப்பினா, "ஒரு மாசமாவே விடியக்காலையில இப்படித்தான்டி உளர்றாங்க. வயசாகுதில்ல"னு சொல்றாங்க.

எனக்கு என்னவோ உறுத்துச்சு. கீழ்வீட்டு மாமாகிட்ட குளுக்கோமீட்டர் உண்டு. கதவைத் தட்டி வாங்கிட்டு வந்து குத்தினா... 52!

நான் படிக்கிறது இன்ஸ்ட்ருமென்டேஷன். எந்த மீட்டர் எந்த நம்பரைக் காட்டினாலும் 'டாலரன்ஸ் எவ்வளவு?'னு கேட்கிற வியாதி எங்க டிபார்ட்மென்ட்டுக்கே உண்டு. ஐ.எஸ்.ஓ. 15197ங்கிற தர விதிப்படி, 100க்குக் கீழே இருந்தா அந்த மெஷின் 15 வரைக்கும் கூடக் குறையக் காட்டலாம். 100க்கு மேலன்னா 15 சதவிகிதம். அப்படின்னா அம்மாச்சியோட நிஜ அளவு 37லேர்ந்து 67க்குள்ள எங்கேயோ இருக்கு. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மெஷின் எந்தப் பக்கம் பொய் சொல்லியிருந்தாலும் ஆபத்துதான். (மாம்பழம் நறுக்கின கையோட குத்தினா ஏகத்துக்கும் எகிறும், அது தனிக் காமெடி.)

மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடுத்தோம். அவங்க நினைவோட இருந்தாங்க, விழுங்க முடிஞ்சுது, அதனால குடுத்தோம். மயக்கமா இருக்கிற ஆளுக்கு வாயில எதையும் ஊத்தக்கூடாது, புரையேறிடும். அப்போ 108தான். கால் மணி நேரம் கழிச்சு குத்தினா 91. அம்மாச்சி என்னைப் பார்த்து, "நீ எப்ப தாயி ஊர்லேர்ந்து வந்த?"னு கேட்டாங்க. மூணு நாளா கூடவே இருக்கேன். அம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு கிச்சனுக்குள்ள போயிட்டாங்க.

அடுத்த சீன்ல மாமா என்ட்ரி. விஷயம் கேள்விப்பட்டு, கையில நாவல்கொட்டைப் பொடி, போன்ல பத்து வாட்ஸ்அப் ஃபார்வர்ட். "சுகர்னு ஒரு நோயே கிடையாதுக்கா. மாத்திரை விக்கிறதுக்காக வெள்ளைக்காரன் நம்பரைக் குறைச்சுட்டான். எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போடு." அம்மாவோ, "டாக்டர் எழுதினதை மாத்த நாம யாரு?" நடுவுல நான். உண்மையைச் சொல்லிடறேன், அன்னிக்கு சாயங்காலம் நான் மாமா கட்சி. 52ஐப் பார்த்த கோபத்துல எனக்கு எல்லா மாத்திரையும் விஷமாத் தெரிஞ்சுது.

ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். (செமஸ்டருக்கு இல்லை.) மாமா சொன்னதுல பாதி நிஜம். வெறும் வயித்து அளவுக்கான கோடு 140ஆ இருந்ததை 1997ல 126ஆ இறக்கினது உண்மை. ஆனா அதை வியாபாரத்துக்காக இறக்கலை. எந்த அளவுலேர்ந்து கண்ணோட விழித்திரை கெட ஆரம்பிக்குதுனு ஆயிரக்கணக்கான பேரைச் சோதிச்சுப் பார்த்து இறக்கினாங்க. 2023ல வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்குனு சொல்லுது. கால் விரலை இழந்தவங்களை நம்ம தெருவுலயே பார்த்திருப்பீங்க. அவங்ககிட்ட போய் 'அப்படி ஒரு நோயே கிடையாது'னு மாமா சொல்லிப் பார்க்கட்டும்.

அப்புறம்தான் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை முழுசா வாசிச்சேன். ஆறு மாசமா பீரோவுல தூங்கினது. முதல் நாள்: வீசிங்குக்கு ஸ்டீராய்டு ஊசி. ரெண்டாம் நாள் மத்தியானம்: ரத்தப் பரிசோதனை, 246. அந்த ஒரே ஒரு டெஸ்ட்தான்! ஸ்டீராய்டு சர்க்கரையை ஏத்தும், அதுவும் மத்தியானத்துக்கு மேல நல்லா ஏத்தும். உடம்புல கிருமித் தொற்று இருந்தாலும் ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறையறதுனு அறிகுறி எதுவும் இல்லாத ஆளுக்கு, ரெண்டு டெஸ்ட் ரிசல்ட் எல்லை தாண்டினாத்தான் சுகர்னு உறுதி செய்யணும். மூணு மாசச் சராசரியைச் சொல்ற ஹெச்பிஏ1சி டெஸ்ட்டே எடுக்கலை. நம்ம லேப்ல ஒரே ஒரு ரீடிங் எடுத்து கிராஃப் போட்டா சார் ரெக்கார்டைத் தூக்கி எறிவார்தானே?

காலையிலயே எங்க ஏரியா டாக்டருக்கு போன். 52னு சொன்னதும், "அந்த மாத்திரையை இப்பவே நிறுத்துங்க. அதோட வேலை ஒரு நாள் முழுக்க ஓடும், மறுபடி இறங்கலாம். ரெண்டு மணிக்கு ஒரு தடவை சாப்பிடக் குடுத்து, டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருங்க"னு சொன்னார். சாயங்காலம் கிளினிக் போறதுக்கு முன்னால ரெண்டு மாடி ஏறி வந்தார். நான் நோட்டுல கேள்வி எழுதி வெச்சிருந்தேன். சுகர்னு எதை வெச்சு முடிவு பண்ணாங்க? ஸ்டீராய்டு காரணமா இருக்குமா? இவ்வளவு கம்மியா சாப்பிடற ஆளுக்கு இந்த மாத்திரை தேவையா? இவங்க வயசுக்கு எந்த அளவு போதும்? முதல் கேள்விக்கு மூஞ்சியைச் சுளிச்சார். ரெண்டாவதுக்கு ஃபைலைக் கேட்டு வாங்கினார். அப்புறம் அம்மா போட்ட காபியைக்கூட மறந்துட்டு விளக்க ஆரம்பிச்சார்.

கிளிமிபிரைடு கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலினை வெளியே எடுக்கும். நீங்க சாப்பிட்டீங்களா இல்லையானு அது பார்க்காது. அரை தோசை சாப்பிட்டுப் படுத்தாலும் பிழியும். மெட்ஃபார்மின் தனியா இருந்தா சர்க்கரையை இப்படித் தரைதட்ட விடறது அபூர்வம். ஆனா பசியைக் குறைக்கும், கிட்னியைப் பார்த்துத்தான் குடுக்கணும். அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கத்தோட பியர்ஸ் பட்டியல் 2023ல கிளிமிபிரைடு குடும்பம் மொத்தத்தையும் வயசானவங்களுக்கு முடிஞ்சவரை தவிர்க்கச் சொல்லுது. 2008ல 'அக்கார்ட்'னு ஒரு பெரிய ஆய்வு, பத்தாயிரத்துக்கும் மேல ஆளுங்க. சர்க்கரையை ரொம்ப இறுக்கிப் பிடிச்ச குரூப்ல சாவு அதிகமாகவும், அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க. "பாட்டியைப் பரீட்சையில சென்டம் வாங்க வைக்கிறோமா என்ன? விழாம, மயங்காம, பசியோட இருந்தா போதும்மா"னு சொன்னார். சார், நீங்க எங்க காலேஜ்ல வாத்தியாரா இருந்திருக்கலாம்.

லேப் பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தான். ஹெச்பிஏ1சி 6.2. நான் துள்ளிக் குதிச்சேன், 6.5க்குக் கீழேதானே! டாக்டர் பிரேக் போட்டார். அது மாத்திரையும் பட்டினியும் சேர்ந்து கொண்டுவந்த நம்பர், அதை வெச்சு சுகர் இல்லைனு சொல்ல முடியாதாம். போதாக்குறைக்கு ஹீமோகுளோபின் 9தான். இரும்புச்சத்துக் குறைவு ஹெச்பிஏ1சியைத் தப்பா ஏத்திக் காட்டலாம். கிட்னியும் கொஞ்சம் டல். முடிவு: சுகர் மாத்திரை ரெண்டும் ஸ்டாப், இரும்புச்சத்து மாத்திரை ஸ்டார்ட், வாரம் ரெண்டு நாள் வெறும் வயித்து டெஸ்ட், 250க்கு மேல போனாலோ தாகம், சோர்வு வந்தாலோ உடனே போன், மூணு மாசம் கழிச்சு மறுபடி முழு டெஸ்ட்.

இந்த இடத்துல ஒரு நிமிஷம். நிறுத்தினது டாக்டர், நான் இல்லை. இதைப் படிச்சுட்டு தாத்தாவோட மாத்திரை டப்பாவை ஜன்னல் வழியா வீசிடாதீங்க. இன்சுலின் போடறவங்க திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. பாட்டி ஃபைலைக் கையில எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட கேளுங்க. ஆள் இறங்க முடியலைனா ஃபைல் இறங்கலாமே.

மூணு மாசம் ஒரு வழியா ஓடிச்சு. விடியக்காலை உளறல் சுத்தமா நின்னுடுச்சு. அம்மாச்சிக்கு என் பேர் மட்டுமில்லை, நான் ப்ளஸ் டூவுல கெமிஸ்ட்ரி மார்க்கை மறைச்சதுகூட ஞாபகம் இருக்கு. போன வாரம் ரிசல்ட் வந்தது. நான் ஜெயிக்கப் போறேங்கிற தைரியத்துல ஹாஸ்டல்லேர்ந்து போன் பண்ணேன். ஹெச்பிஏ1சி 6.8. வெறும் வயித்துல 131. அம்மாச்சிக்கு சுகர் நிஜமாவே இருக்கு மக்களே. ஆஸ்பத்திரி சொன்னது தப்பில்லை. ஒத்தை டெஸ்ட்டை வெச்சு சொன்னாங்க, ஆனாலும் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. என் மூஞ்சி போன போக்கை வீடியோ கால்ல பார்த்திருந்தா மாமா சிரிச்சிருப்பார். அவரும் தோத்துட்டார்ங்கிறதுதான் ஒரே ஆறுதல்.

"அப்போ மறுபடி மாத்திரையா டாக்டர்?"னு அம்மா கேட்டிருக்காங்க. "இவங்களுக்கு 8 வரைக்கும் விடலாம். இப்போதைக்கு வேண்டாம், மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்"னு சொல்லிட்டாராம். சோறு ஒன்றரைக் கரண்டி, வாழைப்பழம் பாதி, காபிக்கு அரை ஸ்பூன் சர்க்கரை அனுமதி.

நேத்து நாலு மணிக்கு போன் பண்ணேன். பின்னால அம்மாச்சி குரல். "அரை ஸ்பூனை எந்த ஸ்பூன்ல அளந்தா உங்கம்மா? உப்பு ஸ்பூனா?"