கூலிக்கு வெகுமதி என்று பெயர்

செகந்திராபாத்தின் தெருக்களில் புழங்கும் மூன்று மொழிகளிலும் உழைப்புக்கு ஈடாகப் பெறும் பணத்துக்கு ஒரு சொல்லும், பிறர் தயவால் பெறும் பொருளுக்கு வேறொரு சொல்லும் உள்ளன. முன்னதற்குத் தமிழும் தெலுங்கும் ‘கூலி’ என்னும் ஒரே சொல்லை வழங்குகின்றன. உருது ‘மஸ்தூரி’ என்கிறது. பின்னதற்குத் தமிழில் வெகுமதி, தெலுங்கில் பஹுமதி, உருதுவில் இனாம். பெருமதிப்பு என்று பொருள்படும் வடசொல்லே தமிழில் வெகுமதி ஆயிற்று. செகந்திராபாத் ரயில் நிலையத்தில் சுமை தூக்குபவர் பெட்டியைத் தலையில் ஏற்றும் முன் கூலி பேசுகிறார். இனாம் பேசுவதில்லை. இனாம் பேசக்கூடிய பொருள் அன்று. கொடுத்தால் பெற்றுக்கொள்ளலாம், அவ்வளவே.

இணைய நிறுவனங்கள் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்தே ‘ரிவார்ட்ஸ்’ என்னும் சொல்லைத் தேர்ந்தெடுத்துள்ளன. தேடுபொறியில் தேடினால் புள்ளிகள், கருத்துக்கணிப்புக்கு விடை அளித்தால் சில ரூபாய், விளம்பரத்தைப் பார்த்தால் நாணயம், பணம் அனுப்பினால் சுரண்டல் அட்டை. அன்றாடம் செய்யும் செயலுக்கே பணம் கிடைக்கிறதே, இதில் யாருக்கு என்ன இழப்பு என்று பொருளியல் பயின்றவர்களே கேட்கிறார்கள். இழப்பு தொகையில் இல்லை, பெயரில் தொடங்குகிறது.

மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் திட்டத்தின் விதிமுறையைப் படித்தவர் சிலரே இருப்பர். ஈட்டிய புள்ளிகள் பயனரின் சொத்து அல்ல என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. 18 மாதம் கணக்கைத் தொடாதிருந்தால் புள்ளிகள் காலாவதி ஆகும். கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் ஆண்ட்ராய்டு பயனருக்கு அளிப்பது கூகுளின் சொந்தக் கடையில் மட்டுமே செல்லும் வரவு. அதற்கும் ஓர் ஆண்டே ஆயுள். முதலாளியின் கடையில் மட்டும் செல்லும் சீட்டுகளால் ஊதியம் அளிக்கும் வழக்கம் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் இருந்தது. அதை ஒழிக்க 1831 இல் பிரிட்டனில் சட்டம் வந்தது. இந்தியாவில் 1936 ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், ஊதியத்தை நாணயமாகவோ பணத்தாளாகவோதான் தரவேண்டும் என்றது. அதை உள்ளடக்கிக்கொண்ட 2019 ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் வங்கிக் கணக்கையும் மின்னணு வழியையும் சேர்த்துக்கொண்டதே தவிர, கடைச் சீட்டைச் சேர்க்கவில்லை. ஆலையில் தடைசெய்யப்பட்டது கைப்பேசியில் எவ்வாறு சட்டப்படி செல்லுகிறது? அங்கே கொடுக்கப்படுவதற்குக் கூலி என்று பெயரில்லை என்ற ஒரே காரணத்தால்தான்.

‘ஈ’, ‘தா’, ‘கொடு’ ஆகிய மூன்று வினைகளையும் கேட்பவரின் நிலையை வைத்துப் பிரித்தது தொல்காப்பியச் சொல்லதிகாரம்: தாழ்ந்தோர் ‘ஈ’ என்பர், ஒத்தோர் ‘தா’ என்பர், உயர்ந்தோர் ‘கொடு’ என்பர். வெகுமதித் திட்டங்களின் இலக்கணம் முழுவதும் ‘ஈ’ என்பதன் இலக்கணம். கேட்கும் உரிமை இல்லை. எத்தனை தேடலுக்கு எத்தனை புள்ளி என்பதை ஒரு தரப்பு மட்டுமே விதிக்கும், மாற்றும், நிறுத்தும். கூகுள் பே (2017 இல் ‘தேஸ்’ என்னும் பெயருடன் வந்தது) ஒரு படி மேலே சென்று, தொகையையே குலுக்கலாக்கியது. அட்டையைச் சுரண்டியபின் ‘அடுத்த முறை முயலுங்கள்’ என்று வரும்போது சிரித்துவிட்டுக் கடந்து செல்லுகிறோம். மாதக் கடைசியில் சம்பளத்துக்குப் பதில் அப்படி ஓர் அட்டை வந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

‘இது உழைப்பே அன்று, விளம்பரத்தைப் பார்ப்பது எப்படி வேலையாகும்?’ என்பது அடுத்த மறுப்பு. ஊடகங்கள் விளம்பரதாரருக்கு விற்கும் சரக்கு பார்வையாளரே என்று கனடிய அறிஞர் டல்லஸ் ஸ்மைத் 1977 இலேயே எழுதினார். பார்வையாளரின் கவனத்துக்கு விலை இல்லையெனில் அதை வாங்குவோர் எதற்காகப் பணம் செலுத்துகின்றனர்? பிரேவ் உலாவி, விளம்பர வருவாயில் 70 விழுக்காடு பயனருக்கு என்று பங்கை அறிவித்தது. அது தருவதும் மறைநாணயமே என்பது வேறு குறை. ஆயினும் விற்ற விலையில் பயனரின் பங்கு எவ்வளவு என்று சொல்லும் துணிவேனும் அதற்கு இருந்தது. பிற நிறுவனங்கள் அந்தக் கணக்கை ஏன் வெளியிடுவதில்லை?

இதன் விளைவை ஹைதராபாத் நகரமே கண்டது. செகந்திராபாத்திலிருந்து முஷீராபாத் வழியாக வந்தால் சிக்கடபள்ளி. அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் நகர மைய நூலகத்தில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் பகுதி. அப்பகுதிவாசி ஒருவர் அளித்த புகாரிலிருந்து தொடங்கிய விசாரணையின் முடிவை நகரக் காவல்துறை 2023 ஜூலையில் அறிவித்தது: ஏறத்தாழ 15,000 பேர், 712 கோடி ரூபாய், ஒன்பது கைதுகள். வேலை என்ன? இணையத்தில் மதிப்பீடும் நட்சத்திரமும் இடுவது. முதலில் சிறுதொகை செலுத்தச் சொல்லி, அதற்கு ஆதாயமும் உண்மையாகவே கொடுத்தார்கள். பின்னர்த் தொகை வளர்ந்தது. எடுக்க முயன்றபோது வழி அடைபட்டது. அந்த ஒருவர் மட்டும் இழந்தது 28 லட்சம்.

இது முதல் நிகழ்வும் அன்று. ஒரு சொடுக்குக்கு 5 ரூபாய் என்று சொல்லி, உறுப்பினராக 5,750 முதல் 57,500 ரூபாய்வரை வாங்கிய நொய்டாவின் ‘சோஷியல் டிரேட்’ நிறுவனத்தை உத்தரப் பிரதேசக் காவல்துறை 2017 பிப்ரவரியில் முடக்கியபோது பேசப்பட்ட தொகை சுமார் 3,700 கோடி. கோவையின் ‘மைவி3 ஆட்ஸ்’ விளம்பரம் பார்ப்பதற்குப் பணம் தருவதாகச் சொன்னது. 360 ரூபாயிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல்வரை உறுப்பினர் கட்டணம். அதன்மீது வழக்குப் பதிவானதும், 2024 ஜனவரி இறுதியில் கோவை நீலாம்பூர் அருகே ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். நிறுவனத்துக்கு எதிராக அன்று, ஆதரவாக. குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். இங்கே கவனிக்க வேண்டியது அந்தத் திரள். ‘பேராசை பெருநட்டம்’ என்று காவல்துறையும் நாளேடுகளும் ஒரே குரலில் கூறின. படித்தவர்களும் அதையே பகிர்ந்தனர். இது சோம்பலான விளக்கம். தன் பார்வைக்கும் சொடுக்குக்கும் சந்தையில் விலை உண்டு என்று அந்த மக்கள் நம்பினர். அந்த நம்பிக்கை பிழையன்று, உலகின் பெரிய நிறுவனங்களே அதைக் கற்பித்தன. அந்த விலை எவ்வளவு என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு விளம்பரப் பார்வை சில காசுகள் பெறும் என்ற கணக்கு பொதுவெளியில் இருந்திருந்தால், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் தருகிறேன் என்பவனை நோக்கி முதல் நாளே கேள்வி எழுந்திருக்கும்.

சங்கிலி முறையும் மோசடிக்காரர் கண்டுபிடிப்பன்று. இணையத்தில் உலாவுவதற்கு மணிக்கு 50 சென்ட் தருவதாக 1999 இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆல்அட்வான்டேஜ்’ நிறுவனமே, ஆள் சேர்த்தால் அவர் உலாவும் நேரத்துக்கும் காசு என்றது. பயனர்கள் சுட்டியைத் தானே அசைக்கும் நிரல் எழுதி அதை ஏமாற்றினர். 2001 இல் மூடிக்கொண்டது.

சட்டத்தில் கருவிகள் இல்லாமல் இல்லை. 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே பணி செய்து ஈட்டுவோரையும் தொழிலாளர் என ஏற்கிறது. 2023 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, இசைவு நிபந்தனையற்றதாக இருக்கவேண்டும் என்கிறது. ‘இசைந்தால் புள்ளி, இல்லையெனில் இல்லை’ என்பது நிபந்தனையற்ற இசைவா? சட்டத்துறை ஆய்வாளர்கள் இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டாலும் பயன் உண்டு.

மொழியியலாருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. களப்பணியில் தகவலாளிக்கு மணிக்கணக்கில் பேசிய தொகையைத் தருவது இத்துறையின் பழைய ஒழுக்கம். இன்று அதே பேச்சுத் தரவு செயலிகள் வழியே, புள்ளிக்கும் பரிசுக்கூப்பனுக்கும் சேகரிக்கப்படுகிறது. ஆய்வேட்டின் முறையியல் இயலில் ‘பங்கேற்பாளர்களுக்குச் சிறு வெகுமதி அளிக்கப்பட்டது’ என்று ஒரு வரி வரும். எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, எதன் அடிப்படையில் என்ற விவரம் பெரும்பாலும் இராது. வழிகாட்டிகளும் கேட்பதில்லை, நெறிமுறைக் குழுக்கள் இசைவுப் படிவத்தின் கையொப்பத்தோடு நின்றுவிடுகின்றன. கூகுளை நோக்கிக் கணக்குக் கேட்கும் ஆய்வாளர், தம் ஆய்வேட்டின் அந்த வரியில் வெகுமதியை அடித்துவிட்டுக் கூலி என்று எழுதி, பக்கத்தில் மணிக்கு இவ்வளவு என்று தொகையையும் குறிக்கட்டும். அந்தத் தொகை மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருக்குமானால், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அதைச் சரிசெய்ய இன்னும் காலம் இருக்கிறது.