ஸ்கோப்பும் 'பவரும்': சுடுதளத்தில் தூரம் மாறுவதில்லை

தமிழ் வீடுகளில் 'ஸ்கோப்' என்னும் சொல் நெடுங்காலமாக ஒரே பொருளில் வழங்கி வருகிறது. ஒரு படிப்புக்கு ஸ்கோப் உண்டா என்று பெற்றோர் கேட்டால், அதனால் பிழைப்புக்கு வழி பிறக்குமா என்பதே கேள்வி. துப்பாக்கி சுடுதலில் ஆர்வம் கொண்டோரிடையே அச்சொல்லுக்கு இரண்டாவது பொருள் உண்டு: ரைபிளின் மேல் பொருத்தப்படும் தொலைநோக்கி. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளின்போது திருவனந்தபுரத்து வட்டியூர்க்காவு சுடுதளம் பெயர் பெற்றது. அத்தகைய சுடுதளத்துக்குப் புதிதாக வரும் மாணவருக்கு இவ்விரண்டாவது ஸ்கோப்பைப் பற்றிக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் தவறானது. 'பவர் கூடியதாக, பவரை மாற்றக்கூடியதாக வாங்கு' என்பதே அவ்வறிவுரை. கைப்பணம் குறைந்தவரையே அது மிகுதியாகப் பாதிக்கிறது என்பதால் அதை மறுத்தே ஆக வேண்டும்.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. கண்ணாடிக் கடையில் 'பவர்' என்பது பார்வைக் குறைபாட்டின் அளவு. அது கூடினால் மனிதர் கவலையுறுகிறார். அதே மனிதர் ஸ்கோப் விற்கும் கடையில் 'பவர்' கூடினால் மகிழ்ச்சியுறுகிறார். அங்கு அச்சொல் குறிப்பது உருப்பெருக்கத்தை மட்டுமே. 4×32 என்றால் உருவம் நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும், முன்னுள்ள பொருளருகு லென்ஸின் விட்டம் 32 மில்லிமீட்டர் என்பதே செய்தி. லென்ஸின் தரம், குறுக்குக் கம்பியின் உறுதி, திருகுகளின் நம்பகம் ஆகிய எதையும் அந்த எண்கள் சொல்லா. ஆயினும் 'சக்தி' என்ற நிழற்பொருள் ஒட்டிக்கொண்டிருப்பதால், பெரிய எண் சிறந்த கருவியாகத் தோற்றம் கொள்கிறது. விளம்பரம் பிழைப்பது இந்த நிழற்பொருளால்தான்.

உருப்பெருக்கத்தை மாற்றும் வசதி வேட்டைக்காகவும் போருக்காகவும் தேவைப்பட்டது. அங்கு இலக்கு எத்தனை தூரத்தில் தோன்றும் என்று முன்கூட்டியே தெரியாது. சுடுதளமோ தூரம் அளந்து கட்டப்பட்ட இடம். ஏர் ரைபிளுக்கு 10 மீட்டர், .22 ரைபிளுக்கு 50 மீட்டர். இலக்கு நகராது, சுடுபவர் நிற்கும் இடமும் மாறாது. மாறாத தூரத்துக்கு மாறும் கருவியை வாங்குவது, ஒரே பூட்டுக்குச் சாவிக்கொத்து வாங்குவதற்கு ஒப்பாகும். அவ்வசதி இலவசமாகவும் வருவதில்லை. உருப்பெருக்கத்தை மாற்ற, குழலுக்குள் லென்ஸ்கள் முன்னும் பின்னும் நகர வேண்டும். அந்த நகர்வு துல்லியமாக அமையப் பணம் செலவாகும். மலிவு விலைக் கருவியில் அத்துல்லியத்தில்தான் கை வைக்கப்படுகிறது. வளையத்தைத் திருப்பியதும் குண்டு விழும் இடம் விலகுகிறது. அதே விலையில் கிடைக்கும் நிலையான உருப்பெருக்கக் கருவியில் நகரும் உறுப்புகள் குறைவு. எனவே கொடுத்த பணம் கண்ணாடிக்கும் திருகுகளுக்கும் போய்ச் சேரும்.

பெருக்கம் கூடும்போது இழப்புகளும் கூடுகின்றன. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம், முன் லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது. 4×32 கருவியில் அது 8 மில்லிமீட்டர். 3–9×40 கருவியை 9 மடங்கில் வைத்தால் ஏறத்தாழ 4.4 மில்லிமீட்டர். அகன்ற கற்றை உள்ள கருவியில் தலை சற்று விலகினாலும் காட்சி இருளாது. பார்வைப் பரப்பும் குறைந்த பெருக்கத்தில் விரிவாக இருக்கும். நின்று சுடும் தொடக்கநிலையாளரின் கைநடுக்கத்தை 9 மடங்காகக் காட்டும் கருவி அவருக்குத் துல்லியத்தைத் தருவதில்லை, அச்சத்தையே தருகிறது. கம்பி இலக்கின் மேல் அலைவதைக் கண்டு, அது நடுவைக் கடக்கும் கணத்தில் விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் அவ்வச்சத்தின் விளைவாகும்.

விற்பனையாளர் பெரும்பாலும் பேசாத ஓர் எண்ணும் உண்டு. கண் சற்று நகர்ந்தால் குறுக்குக் கம்பியும் இலக்கின் மேல் நகர்வதுபோல் தோன்றும். இதுவே இடமாறு தோற்றப் பிழை. ஒவ்வொரு கருவியிலும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மட்டும் அது இல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும். பொதுவான ஸ்கோப்புகளில் அத்தூரம் 100 கெஜம், அதாவது 91.4 மீட்டர். அத்தகைய 32 மில்லிமீட்டர் கருவியை 50 மீட்டரில் பயன்படுத்தினால், கண் மிகவும் விலகிய நிலையில் பிழை 7 மில்லிமீட்டரைத் தொடலாம். 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் ஆரம் 5.2 மில்லிமீட்டர் மட்டுமே. .22 ரைபிளுக்கென்று 50 கெஜத்துக்கு அமைத்த அதே அளவுக் கருவியில் அப்பிழை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். 10 மீட்டரில் நிலைமை இன்னும் மோசம். 100 கெஜக் கருவி அங்கு 14 மில்லிமீட்டர் வரை ஏமாற்றலாம். இலக்கின் கறுப்பு வட்டத்தின் ஆரமே 15.25 மில்லிமீட்டர்தான். எனவே கேட்க வேண்டிய முதற்கேள்வி 'எத்தனை பவர்?' என்பதன்று; 'எத்தனை மீட்டருக்கு அமைத்தது?' என்பதே. ஸ்பிரிங் ஏர் ரைபிள் வைத்திருப்பவர் மேலும் ஒன்று கேட்க வேண்டும். அது பின்னும் முன்னுமாக இருமுறை உதறும் இயல்புடையது. அதைத் தாங்கும் கருவிதானா என்பதை அறியாமல் வாங்கலாகாது.

நிலையான பெருக்கம் பழமை என்று சிலர் எள்ளுவர். வியட்நாம் போரில் 3–9 மடங்கு மாறும் ஸ்கோப்பைப் பயன்படுத்திய அமெரிக்க மரைன் படை, பின்னர் தன் எம்40ஏ1 ரைபிளுக்கு 10 மடங்கு நிலையான உனெர்ட்டல் ஸ்கோப்பைத் தேர்ந்தது. இந்தியப் படையிலும் பயன்பட்ட டிராகுனோவ் ரைபிளின் ஸ்கோப் 4 மடங்கு நிலையானது. உயிர் பணயமாக இருந்த இடத்தில் எளிமை குறையாகக் கருதப்படவில்லை.

எதிர்வாதங்களில் இரண்டு மதிக்கத்தக்கவை. மேசைமேல் மணற்பையில் ரைபிளை ஊன்றிச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் மிகுந்த பெருக்கம் தேவைதான். ஆனால் அப்போட்டியாளர் பலர் 36 மடங்கு போன்ற நிலையான கருவிகளையே நாடி வந்துள்ளனர். நாற்பதைக் கடந்த கண்ணுக்கு முன்குறியும் இலக்கும் ஒருங்கே தெளிவாகத் தெரியாது என்பதும் மெய். இரண்டையும் ஒரே தளத்தில் காட்டும் ஸ்கோப் அவர்களுக்கு உண்மையான உதவி. அதற்கு 4 அல்லது 6 மடங்கு போதும்.

இத்தனைக்கும் மேலாக ஓர் உண்மை உண்டு. ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வென்ற தங்கம், 2012 லண்டனில் ககன் நாரங் வென்ற வெண்கலம், 2024 பாரிசில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் ஸ்வப்னில் குசாலே வென்ற வெண்கலம் ஆகிய அனைத்தும் துளைக்குறி வழியே பார்த்து வென்றவை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் அவ்வாறே. போட்டிக்கு ஆயத்தமாக விரும்பும் மாணவருக்கு இதைச் சொல்லாமல் ஸ்கோப்பைத் தலையில் கட்டுவது அறிவுரையாகாது, அது விற்பனை.

துப்பாக்கி சுடுதல் செல்வர்களின் விளையாட்டு என்னும் பெயர் முற்றிலும் பொய்யன்று. ரைபிள், மேலங்கி, பயிற்சிக் கட்டணம், தீர்ந்துகொண்டே இருக்கும் குண்டுகள் என்று செலவு நீள்கிறது. உதவித்தொகையில் வாழும் மாணவர் தேவையற்ற 'பவருக்கு' இழக்கும் தொகை, அவருடைய குண்டுகளிலிருந்தே கழிகிறது. சுடாத குண்டு சுடாத பயிற்சியாகும். போட்டியை நாடுபவர் ஸ்கோப் வாங்காதிருக்கட்டும். பொழுதுபோக்காகச் சுடுபவர், தம் தூரத்துக்கு அமைந்த 4 அல்லது 6 மடங்கு நிலையான கருவியைப் பார்த்து வாங்கட்டும். மிச்சப் பணம் ஈயக்குண்டாகட்டும். ஸ்கோப் உண்டா என்ற பழைய கேள்விக்கும் விடை அங்குதான் உள்ளது.